கண்ணை மூடாதே... வாயைத் திறக்காதே!

போன வாரம் ஒரு லெட்டர் வந்தது. மெயிலில்தான் வந்தது, ஆனாலும் நமக்கு அது லெட்டர்தான். அப்படியே தருகிறேன்.

"மேடம், நான் சேலத்துல ஹவுஸ் சர்ஜனா இருக்கேன். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். பி.ஜி.க்கு ஓ.ஜி. எடுக்கணும்னு ஆசை. வீட்ல எல்லாருக்கும் ஏக சந்தோஷம். 'பொம்பளப் புள்ளைக்கு ஏத்த படிப்பு. அலைச்சல் இருக்காது, நைட் டூட்டி இருக்காது, ஊர்லயே கிளினிக் போட்டு உக்காந்துக்கலாம்'ங்கறாங்க. என் ரூம்மேட் மட்டும், 'உனக்கென்ன பைத்தியமா, டெர்மா எடு, நிம்மதியாத் தூங்கலாம்'ங்கறா. யார் பேச்சைக் கேக்கறது?"

பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கா. சரி, கண்ணுன்னே கூப்பிட்டுக்கறேன். எங்க பக்கம் எல்லாப் பிள்ளைகளும் கண்ணுதான்.

கண்ணு, உன் ரூம்மேட் சொன்னது பாதி சரி. வீட்ல சொன்னது முழுக்கத் தப்பு. நைட் டூட்டி இருக்காதாமா? வயித்துக்குள்ள இருக்கற குழந்தை வாட்ச் கட்டிக்கிட்டு இருக்கறதில்ல. பகல்ல பத்து மணிக்கு கவுன்ட்டர் திறந்ததும் டோக்கன் வாங்கிட்டு வெளியே வரணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. ராத்திரி ரெண்டு மணிக்குப் பனிக்குடம் உடையும். நாலு மணிக்கு ஒருத்திக்கு பி.பி. எகிறும். தீபாவளி அன்னிக்கு வார்டு நிறைஞ்சு வழியும். இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருக்கேன். சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல முகூர்த்தமும் பார்த்து பந்தியிலயும் உக்காந்தது விரல் விட்டு எண்ணிடலாம்.

மெடிக்கல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு வரி. ஓ.ஜி. என்பது ரெண்டு படிப்பு ஒரே சட்டைக்குள்ள இருக்கற மாதிரி. கர்ப்பம், பிரசவம் ஒரு பாதி. மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பப்பைக் கட்டி, குழந்தையின்மை, புற்றுநோய்னு மகளிர் நோய்கள் மறுபாதி. முதல் பாதியில் ஒரே பெட்டில் ரெண்டு உயிர். அதுதான் இந்த வேலையோட மொத்த விசேஷமும், மொத்தப் பயமும்.

'பொம்பளைங்க படிப்பு'ங்கற பேர் எப்படி வந்ததுன்னு தெரியுமா? அது ஒண்ணும் சௌகரியத்தால வந்த பேர் இல்ல. 1890களின் ஆரம்பத்துல திண்டிவனம். ஜான் ஸ்கடர்னு ஒரு அமெரிக்க மிஷன் டாக்டர் அங்கே இருந்தார். அவரைப் பார்க்க வந்திருந்த மகள் ஐடாவுக்கு அப்போ இருபது வயசு சொச்சம். மருத்துவமும் வேண்டாம், மிஷனரி வேலையும் வேண்டாம், ஊருக்குத் திரும்பிடணும்னு இருந்த பொண்ணு. ஒரே ராத்திரியில் மூணு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கதவைத் தட்டினாங்க. மூணு பேருக்கும் ஒரே பிரச்னை, பிரசவ வலியில் மனைவி. 'நான் டாக்டர் இல்ல, அப்பா வருவார்'னு ஐடா சொன்னாங்க. மூணு பேரும் மாட்டேன்னுட்டாங்க. ஆம்பளை டாக்டர் வந்து பார்க்கறதுக்கு, சாகறதே மேல்ங்கற காலம் அது. விடிஞ்சப்போ மூணு பெண்களும் இல்லை. ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1900ல் வேலூருக்கு வந்தாங்க. 1918ல் பெண்களுக்குன்னே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. இன்னிக்கு நாம சி.எம்.சி.ன்னு சொல்றது அதைத்தான். எம்.பி.பி.எஸ்.ஸில் பசங்களைச் சேர்த்ததே 1947ல்தான்.

ஆக, பெண் டாக்டர் வேணும்னு கேட்டது வசதிக்காக இல்ல. உள்ளே விட மாட்டேன்னு அடைச்ச கதவைத் தாண்டிப் போக ஒருத்தி வேணும்னுதான்.

பசங்க முகம் சுளிக்க வேண்டாம். ஓ.ஜி. லைப்ரரியில் 'முதலியார் - மேனன்' புத்தகத்தைத் தொடாம யாரும் வெளியே வர முடியாது. அந்த முதலியார், டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் கை பழகினவர், சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 வருஷம் துணைவேந்தர். அவரே இரட்டைக் குழந்தையில் ஒருத்தர் என்பது கூடுதல் தகவல்! இன்னிக்கும் ஓ.ஜி. எடுக்கற பசங்க உண்டு. எண்ணிக்கை கம்மி. நல்லாச் செய்யறவனை மேஜையில் வலியோட படுத்திருக்கற எந்த அம்மாவும் ஆணா பெண்ணான்னு பார்க்கறதில்ல. வெளியே நிக்கற மாமியார்தான் பார்ப்பாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பி.ஜி. சேர்ந்த முதல் நாள் எங்க யூனிட் சீஃப் ரெண்டே ரெண்டு சொன்னாங்க. "கண்ணை மூடாதே. வாயைத் திறக்காதே." மூணாவது எதுவும் சொல்லல. ஏதோ சாமியார் வாக்கு மாதிரி இருக்கேன்னு நாங்க நாலு பேரும் ஹாஸ்டலுக்குப் போய்ச் சிரிச்சோம். ஆனா முதல் வாக்கியத்தோட அர்த்தம் எனக்கு அதுக்கும் முன்னாடி, ஹவுஸ் சர்ஜனா இருந்தப்பவே தெரிஞ்சிருந்தது. வெளியே சொல்லிக்கலை, அவ்வளவுதான். இன்னிக்குச் சொல்றேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

மூணாவது பிரசவம். விசைத்தறி ஓட்டற அம்மா. ராத்திரி ரெண்டே முக்காலுக்கு சுகப்பிரசவம், குழந்தை நல்லா அழுதது, நஞ்சும் முழுசா வந்துடுச்சு. எல்லாம் முடிஞ்சாச்சுன்னு நினைக்கற அந்த நேரம்தான் ஓ.ஜி.யில் ஆரம்பம். நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல ரத்தம் ஓடும். நஞ்சு பிரிஞ்சு வந்த இடத்துல அத்தனை ரத்தக்குழாயும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். அதை மூடறதுக்கு மருந்தோ தையலோ இல்ல. கர்ப்பப்பைத் தசையே சுருங்கி, சாக்கு மூட்டை வாயைச் சுருக்குக்கயிறு இறுக்கற மாதிரி இறுக்கணும். இறுக்கினா வயித்து மேல கை வெச்சுப் பார்த்தா கிரிக்கெட் பால் மாதிரி கெட்டியா இருக்கும். இறுக்கலைன்னா பிசைஞ்ச மைதா மாவு மாதிரி கொழகொழன்னு இருக்கும். அதனாலதான் முதல் மணி நேரம் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கையை வெச்சுப் பார்க்கணும், நாடி பார்க்கணும், பி.பி. பார்க்கணும், துணியைப் பார்க்கணும். கேஸ் ஷீட்டில் எழுதணும்.

நான் முதல் தடவை பார்த்தேன். நல்லா இருந்தது. முப்பது மணி நேரமா தூங்கலை. அடுத்த ரெண்டு தடவைக்கும் சேர்த்து அப்பவே எழுதிட்டேன். நாடி 84, பி.பி. 110/70, கர்ப்பப்பை கெட்டியா இருக்கு. எழுதிட்டு ஸ்டூல்ல உக்காந்து சுவத்துல சாஞ்சேன்.

எழுப்பினது வார்டு ஆயா. "டாக்டரம்மா, அந்தப் பொண்ணு பேச்சுக் குளறுதுங்க." போர்வையை விலக்கினா துணி மொத்தமும் நனைஞ்சு, ஷீட் வழியா கீழே சொட்டிக்கிட்டு இருக்கு. அரை லிட்டர் போனாலே உஷாராகணும்னு புத்தகம் சொல்லுது. ஒரு ஆவின் பால் பாக்கெட் அளவு. இது அதைப் போல மூணு, நாலு பாக்கெட். நாடி 130. வயித்துல கை வெச்சேன், மாவு.

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஓடி வந்து என்னைத் தள்ளிட்டு வயித்தை அழுத்திப் பிடிச்சு மசாஜ் பண்ண ஆரம்பிச்சாங்க. ரெண்டு கையிலயும் டிரிப், ஆக்சிடோசின், மேல மேல ஊசி. ட்யூட்டி மேடம் வந்து உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கைன்னு வெச்சு, விடியற வரைக்கும் விடாம அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. நாலு பாட்டில் ரத்தம் ஏறிச்சு. அந்த அம்மா பிழைச்சாங்க.

காலையில மேடம் கேஸ் ஷீட்டைப் பார்த்தாங்க. எதுவும் திட்டலை. என் பேனாவை வாங்கி, நான் பார்க்காம எழுதின ரெண்டு வரியையும் அடிச்சு, பக்கத்துல என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாங்க. "தூக்கம் வந்தா வந்துடுச்சுன்னு சொல்லு, வேற ஆள் போடுவோம். பார்க்காம எழுதாதே." அவ்வளவுதான்.

நாலு நாள் கழிச்சு டிஸ்சார்ஜ் ஆகறப்போ அந்த அம்மாவோட வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்து என் கையில கொடுத்து, "நீங்கதானுங்க காப்பாத்திக் கொடுத்தீங்க"ன்னாரு. அந்தப் பழத்தை நான் சாப்பிடல.

இதை எதுக்குச் சொல்றேன்னா, பிரசவத்துல அம்மா இறந்து போறதுங்கறது பெரும்பாலும் விதியால நடக்கறதில்ல. ஒருத்தர் பார்க்காம விட்டதால, ஒருத்தர் லேட்டா வந்ததால, ரத்தம் இல்லாததால நடக்கும். அதையெல்லாம் சரி பண்ண முடியும்னு நம்ம ஊரே காட்டியிருக்கு. 2001-03 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுல ஒரு லட்சம் குழந்தை உயிரோட பிறந்தா 134 அம்மாக்கள் இறந்தாங்க. அப்போ இந்தியக் கணக்கு 301. 2018-20ல் நாம 54க்கு வந்தோம், இந்தியா 97க்கு வந்தது. ஏதோ புது மருந்து கண்டுபிடிச்சுக் குறையலை. ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரியும் நர்ஸ் இருந்தாங்க. 2008 செப்டம்பர்லேருந்து 108 வண்டி ஓடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில 24 மணி நேரமும் ஆபரேஷன் பண்ண ஆள் இருந்தாங்க. கிராம சுகாதார நர்ஸ் வீடு வீடா நடந்து மாசமா இருக்கறவங்க பேரை எழுதினாங்க. அதோட ஒவ்வொரு அம்மாவோட சாவுக்கும் தணிக்கை நடந்தது. ஏன் இறந்தாங்க, எந்த இடத்துல எத்தனை நிமிஷம் வீணாச்சுன்னு டாக்டர்களை உக்கார வெச்சுக் கேக்கறாங்க. அந்தக் கூட்டத்துல உக்கார்றது கொடுமை. ஆனா அந்தக் கொடுமை வேணும்.

எங்க அம்மாயிகிட்ட 'உனக்கு எத்தனை குழந்தை'ன்னு கேட்டா, "பெத்தது ஏழு, தங்குனது நாலு"ன்னு சொல்லும். கண்ணு, உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாரு. இப்போ யாரும் அப்படி ரெண்டு கணக்கு சொல்றதில்ல. நம்ம தலைமுறையில அந்த ரெண்டாவது எண் காணாமப் போனதுக்கு மேல சொன்ன ஆட்கள்தான் காரணம்.

இப்போ சீஃப் சொன்ன ரெண்டாவது வாக்கியம். 'வாயைத் திறக்காதே.' இது எல்லா ஊருக்கும் பொதுதான். ஆனா நம்ம சேலம், நாமக்கல் பக்கம் ஓ.ஜி. ஆகப் போறவங்களுக்கு ரத்தத்துலயே ஊறணும்.

உங்கள்ல நிறையப் பேர் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, அதனால சொல்றேன். பெண் குழந்தை பிறந்தா எருக்கம்பால், நெல்மணின்னு கொடுத்துக் கொன்னுடறது நம்ம மாவட்டத்துல நடந்தது. அதனாலதான் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் முதல்ல சேலத்துல கொண்டு வந்தது. வேண்டாம்னா கொல்லாதீங்க, இந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போங்க, அரசாங்கம் வளர்க்கும்னு சொன்னாங்க. அப்புறம்தான் தர்மபுரி மாதிரி மத்த மாவட்டங்களுக்கும் போச்சு. இப்படி ஒரு தொட்டில் வைக்க வேண்டி வந்த ஊருங்கறது நமக்குப் பெருமையில்ல. ஆனா தெரிஞ்சுக்கணும்.

அதுக்குள்ள ஸ்கேன் மிஷின் வந்துடுச்சு. பிறந்த பிறகு செய்யற பாவத்தை, பிறக்கறதுக்கு முன்னாடியே ஏ.சி. ரூம்ல, ரசீது போட்டுச் செய்யலாம்னு ஆச்சு. 2001 கணக்கெடுப்புல சேலம் மாவட்டத்துல ஆறு வயசுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைக்கு 851 பெண் குழந்தைதான் இருந்தது. ஒவ்வொரு ஆயிரத்துக்கும் அந்த நூறு சொச்சம் பிள்ளைங்க எங்கே போனாங்க? எருக்கம்பால் கொடுத்தது ஊர்க் கிழவின்னு சொல்லலாம். ஸ்கேன் எடுத்தது யாரு? நம்மள மாதிரி படிச்சு, கழுத்துல ஸ்டெத் மாட்டினவங்கதான்.

அதனாலதான் 1994ல் சட்டம் வந்தது. 2003ல் அதை இன்னும் இறுக்கினாங்க. கருவில் இருக்கறது ஆணா பெண்ணான்னு சொல்லக் கூடாது. வார்த்தையால மட்டும் இல்ல, சைகையால சொன்னாலும், வேற எந்த விதத்துல சொன்னாலும் குத்தம். "ஸ்வீட் வாங்கிட்டு வாங்க"ன்னு கண்ணடிச்சாலும் குத்தம்தான்! முதல் தடவை மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம், அஞ்சு வருஷம் மருத்துவப் பதிவு ரத்து. ரெண்டாவது தடவைன்னா ஸ்டெத்தை நிரந்தரமா மாட்டி வைக்க வேண்டியதுதான். ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் 'ஃபார்ம் எஃப்' எழுதணும். நிறைய டாக்டர்கள் அதை வெறும் பேப்பர் வேலைன்னு சலிச்சுக்கறாங்க. நான் சலிச்சுக்க மாட்டேன். கள்ளக் கணக்கு எழுதறவன் மாட்டறது அந்தப் பேப்பர்லதான்.

2011 கணக்கெடுப்புல சேலத்தோட எண் 900-ஐத் தாண்டுச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டுட முடியாது. 2022லகூட பக்கத்துல தர்மபுரியில் வீட்டுக்குள்ள மிஷினை வெச்சு ரகசியமா ஸ்கேன் பண்ணிச் சொல்லிக்கிட்டு இருந்த கும்பலைப் பிடிச்சாங்க.

சட்டத்துக்குப் பயப்படறது சுலபம். சொந்தக்காரங்களுக்குப் பயப்படாம இருக்கறதுதான் கஷ்டம். எங்க அத்தை மருமகளுக்கு மூணாவது குழந்தை. முன்னாடி ரெண்டும் பொண்ணு. அத்தை என் கிளினிக்குக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, "நம்ம வீட்டுப் புள்ள நீ படிச்சதே இதுக்குத்தானே சாமி"ன்னு சொல்லுச்சு. என்னைத் தூக்கி வளர்த்த அத்தை. எம்.பி.பி.எஸ். சேர்றப்போ ஃபீஸுக்குத் தோட்டைக் கழட்டிக் கொடுத்த அத்தை. "தெரியாதுங்க அத்தை"ன்னேன். "தெரியாதுன்னா எதுக்குப் படிச்சே?"ன்னுச்சு. "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேங்க அத்தை"ன்னேன். ரெண்டு வருஷம் பேசல. வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கல. கடைசியா பிறந்தது என்ன குழந்தைன்னு கேக்கறீங்களா? சொல்ல மாட்டேன். பழக்கதோஷம்!

இப்போ இன்னொரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். "ஓ.ஜி.ன்னாலே சிசேரியன் பண்ணிக் காசு பார்க்கறவங்கதானே மேடம்?" கோபம் வருது, ஆனா பதில் சொல்லணும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவிகிதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. நம்ம தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தா 63.8. இது தேவைக்கு மேலதான், இதை மூடி மறைச்சுப் பேச என்னால முடியாது. காசு ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். காத்திருந்து ஏதாவது ஆயிட்டா வெளியே நிக்கற கூட்டம் சும்மா விடாதுன்னு கத்தியை முன்னாடியே எடுக்கறவங்க உண்டு. மூணாவது காரணம் நீங்கதான், அதாவது நம்ம ஜனங்கதான். ஜோசியரைப் பார்த்துட்டு, "காலையில ஆறே முக்காலுக்குள்ள எடுத்துடுங்க டாக்டரம்மா. அதுக்கு மேல ரோகிணி வந்துடும், தாய்மாமனுக்கு ஆகாது"ன்னு சீட்டை நீட்டறாங்க. தாய்மாமனுக்கு ஆகாதாம்! வயித்தைக் கிழிச்சுக்கப் போறது அவன் அக்கா!

ஆனா தேவையான இடத்துல தயங்கறதும் தப்புதான். குழந்தையோட இதயத்துடிப்பு விழுந்துக்கிட்டு இருக்கறப்போ 'சுகப்பிரசவம்தான் பண்ணுவேன்'னு வீரம் பேசறவங்களும் ஆபத்து. எப்போ காத்திருக்கணும், எப்போ எழுந்து ஓடணும்னு தெரியறதுதான் மூணு வருஷ எம்.எஸ். படிப்பே. மத்ததெல்லாம் தையல்.

படிப்புன்னதும் கணக்கு கேப்பீங்க. எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜனோட சேர்த்து அஞ்சரை வருஷம், எம்.எஸ். மூணு வருஷம். எட்டரை வருஷம், அதுவும் நடுவுல நீட் பி.ஜி.யில் ஒரு வருஷம்கூட நழுவாம இருந்தா. முன்னாடி டி.ஜி.ஓ.ன்னு ரெண்டு வருஷ டிப்ளமோ இருந்தது. உங்க ஊர் போர்டுகள்ல இன்னும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். மருத்துவக் கல்லூரிகள்ல அந்த இடங்களையெல்லாம் பெரும்பாலும் பட்ட மேற்படிப்பா மாத்திட்டாங்க. டி.என்.பி. வழியும் இருக்கு. எம்.எஸ். முடிச்ச பிறகு புற்றுநோய், குழந்தையின்மைன்னு மேல போகவும் வழி இருக்கு. இன்னொரு வழி, நான் பார்த்த நிறைய நல்ல டாக்டர்கள் வந்த வழி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா அரசு வேலையில் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துல கொஞ்ச வருஷம் இருந்துட்டு, அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டுல பி.ஜி. போறது. அப்படி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இருக்குன்னு 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. கொல்லிமலையிலயோ கல்வராயன்மலையிலயோ ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்த பி.ஜி.க்கும், நேரா ஹாஸ்டல்லேருந்து வந்த பி.ஜி.க்கும் இருக்கற வித்தியாசம் முதல் நைட் டூட்டியிலயே தெரியும்.

நாமக்கல் பிள்ளைகளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பிளஸ் டூ மார்க் வெச்சு சீட் கொடுத்த காலத்துல டாக்டர் சீட்டுக்குன்னே பிள்ளைகளைக் கோழிப்பண்ணை மாதிரி ஹாஸ்டல்ல அடைச்சுப் படிக்க வெச்ச ஊர் அது. இப்போ அதே வேகத்துல நீட் கோச்சிங். சேலத்துல 1986லயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு, நாமக்கல்லுக்கு 2022 ஜனவரியில் திறந்தாங்க. சீட் வாங்கறதுல நம்ம பிள்ளைகளை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா புத்தகத்தைத் தலைகீழா ஒப்பிக்கற பிள்ளைங்க, வலியில கத்தற ஒரு அம்மா கையைப் பிடிச்சதும் திகைச்சு நிக்கறதை நான் பார்க்கறேன். கோச்சிங்ல அதுக்கு மெட்டீரியல் தர்றதில்ல.

கல்யாணம்? கேக்காம விட்டுட்டியே கண்ணு, ஆனா உன் வீட்ல இந்நேரம் ஜாதகம் எடுத்திருப்பாங்க. பி.ஜி. வயசும் கல்யாண வயசும் குழந்தை பெத்துக்கற வயசும் ஒரே வரிசையில வந்து நிக்கும். என் கூடப் படிச்சவ எட்டு மாச வயித்தோட அடுத்தவங்களுக்குப் பிரசவம் பார்த்தா. பார்த்துட்டு, வாஷ் பேசின்ல சாஞ்சு நின்னு அழுதா. 'நைட் டூட்டி இருக்காது'ன்னு சொல்லி உன்னைச் சேர்க்கற வீட்டுக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு உன் குழந்தை அழுதா யாரு எழுந்திருப்பாங்கன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ. மாப்பிள்ளை வீட்லயும் கேளு. வெக்கப்படாதே.

மகளிர் நோய்னு மறுபாதி இருக்குன்னு சொன்னேன்ல. அதுல ஸ்டார் வேல்யூ கம்மி, அதனால யாரும் அதைப் பத்தி எழுதறதில்ல. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறியில நின்னு வேலை பார்த்த பாட்டிங்க வருவாங்க. கர்ப்பப்பை கீழே இறங்கி, பல வருஷமா துணியைச் சுத்தி உள்ளே தள்ளிக்கிட்டு வேலைக்குப் போயிருப்பாங்க. "ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"ன்னா, "இதையெல்லாம் யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க?"ம்பாங்க. ஒரு ஆபரேஷன்ல சரியாகற விஷயம். அவங்க சொல்றதுக்கு ஒரு ஆள் கிடைக்கலை, அதுதான் நோய். அந்த ஆளா உக்கார்றதுக்காகவே ஓ.ஜி. எடுக்கலாம்.

இஞ்சினீயரிங், ஆர்ட்ஸ் பசங்க 'இது நமக்கில்ல'ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. மேல சொன்னேனே, நாலு பாட்டில் ரத்தம்... அதுல ரெண்டு பாட்டில் கொடுத்தது, ராத்திரி மூணரைக்கு டிவிஎஸ் 50ல வந்த ரெண்டு பாலிடெக்னிக் பசங்க. 18 வயசு ஆகியிருக்கணும், 45 கிலோவாவது இருக்கணும், ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். பசங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா, பொண்ணுங்க நாலு மாசத்துக்கு ஒருக்கா கொடுக்கலாம். நெகட்டிவ் குரூப் ஆளுங்க உங்க பக்கத்து ரத்த வங்கியில நம்பரைக் கொடுத்து வைங்க. போனை சைலன்ட்ல போடாதீங்க.

சரி கண்ணு, உன் கேள்விக்கு வர்றேன். டெர்மா ஒண்ணும் மட்டமான படிப்பு இல்ல. தூங்கணும்னு நினைக்கறதும் பாவம் இல்ல. வீட்ல சொன்னாங்கன்னு ஓ.ஜி. எடுக்காதே, ரூம்மேட் சொன்னான்னு விட்டுடாதே. லேபர் வார்டு போஸ்டிங் இன்னும் பாக்கி இருக்குன்னு எழுதியிருக்கே. பகல் டூட்டியை விட்டுட்டு நைட்டா கேட்டு வாங்கிக்கோ. முதல் நாள் எதுவும் செய்ய வேண்டாம். ஒரு அம்மாவோட தலைமாட்டுல நில்லு. வலி ஆரம்பிச்சதுலேருந்து குழந்தை வெளியே வந்து ஒரு மணி நேரம் ஆகற வரைக்கும் அந்த ஒரு அம்மாவை விட்டு நகராதே. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வயித்துல கை வெச்சுப் பாரு. பார்த்ததை மட்டும் எழுது. விடிஞ்சு வெளியே வந்து டீக்கடையில நிக்கறப்போ, போய்ப் படுக்கணும்னு தோணுதா, திரும்ப உள்ளே போய் அந்தக் குழந்தை பால் குடிச்சிதான்னு பார்க்கணும்னு தோணுதா?

ரெண்டுல எதுவா இருந்தாலும் எழுது. அடுத்த மாசம் இதே பக்கத்துல போடறேன், பேர் இல்லாமதான்.